கரடி விழுந்தாப் பிறகு

கரடி சுட்டனான் எண்டு சொன்னால் எங்கட ஆக்கள் எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான், பயமா இருக்கேல்லையோ எண்டு. உண்மையைச் சொன்னால் சுடுறது ஒரு செக்கன் வேலை. மரத்தில கட்டின சீற்றில நாலு மணித்தியாலம் இருமலையும் மூத்திரத்தையும் அடக்கிக்கொண்டு இருந்தனான், பிறகு அந்த ஒரு செக்கன், அவ்வளவுதான். எனக்கு வயித்தைக் கலக்கினது அது விழுந்தாப் பிறகு. 90 கிலோ வரும், காட்டுக்குள்ள கிடக்கு, இருட்டப்போகுது, செப்ரெம்பர் மாசத்தில 17 டிகிரி வெக்கை, கையில நாலு இஞ்சிக் கத்தி, யூரியூப்பில மாசக்கணக்காப் பார்த்தது ஒண்டும் மண்டையில இல்லை.

போன கிழமை வேட்டைக் கோஸ் முடிச்ச ரெண்டு தமிழ்ப் பெடியள், கரடிக்குப் போகப்போறம் அண்ணை, சுட்டாப் பிறகு என்ன செய்யிறது எண்டு கேட்டவங்கள். போனில சொல்லத் தொடங்கி ஒரு மணித்தியாலம் போட்டுது, அதுதான் எழுதிவிடுவம் எண்டு யோசிச்சன். நான் விட்ட பிழையையும் சேத்துத்தான் எழுதுறன், சொல்லப்போனால் அந்தப் பிழைக்காகத்தான் எழுதுறன்.

நாங்கள் போறது ரிம்மின்ஸ் பக்கம். ரொறன்ரோவில இருந்து சட்பரி 400 கிலோமீற்றர், அங்கயிருந்து 144ஆம் ஹைவேயில இன்னும் ஒரு 300, ரெண்டு பக்கமும் காடும் குளமும்தான், போன் சிக்னலும் அரைவாசித் தூரத்துக்கு இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் என்னோட வேலை செய்து பென்சன் எடுத்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், பிறந்து வளந்தது அந்தப் பக்கம்தான். 70 வயசாகுது, கதை குறைவு, கத்தி தீட்டுறதில மட்டும் சாமி கும்பிடுற மாதிரி ஒரு ஒழுங்கு. ஒன்ராறியோவில முந்தி வசந்த காலக் கரடி வேட்டையை 1999இல நிப்பாட்டிப்போட்டு, 2014இல சில இடங்களில மட்டும் பரீட்சார்த்தமாத் திரும்பத் தொடங்கி, 2021இல நிரந்தரமாக்கினவங்கள். பெரியவருக்கு வசந்த காலம் விருப்பமில்லை. அந்த நேரம் கரடி பஞ்சத்தில அடிபட்ட மாதிரி இருக்கும், கொழுப்பிராது, கறுப்பு ஈயும் கடிச்சே கொண்டுபோடும் எண்டுவார். அவர் போறது ஓகஸ்ட் கடைசி, செப்ரெம்பர். அப்ப காட்டில புளூபெரி முடியிற நேரம், கரடி திண்டு திண்டு உருண்டு போயிருக்கும். கொழுப்பு வேணும், இறைச்சியும் இனிப்பா இருக்கோணும் எண்டால் அதுதான் காலம். ஆனால் வெக்கையும் அந்த நேரம்தான். இந்த முழுக் கதையும் அந்த வெக்கையாலதான்.

வெளிக்கிடுறதுக்கு முதல்நாள் ஸ்காபுரோவில சித்தப்பா வீட்ட போய்ச் சொல்லிப்போட்டு வந்தனான். சித்தப்பா முல்லைத்தீவுப் பக்கம், சின்ன வயசில இடியன் துவக்கோட பண்டிக்குத் திரிஞ்ச மனுசன். நான் மான் சுடப் போகேக்கெல்லாம் சந்தோசப்பட்டவர் கரடி எண்டு சொன்னவுடன முகம் மாறிப்போச்சு. "டேய் தம்பி, வன்னியில யானை வந்தாலும் விலத்திப் போகலாம், கரடி வந்தால் முகத்தைத்தான் பிடுங்கும், உனக்கு வேற மிருகம் கிடைக்கேல்லையே" எண்டார். தேன் எடுக்கப் போன ஆக்கள் முகம் கிழிஞ்சு வந்த கதையள் நாலைஞ்சு சொல்லித்தான் விட்டவர். அது வேற கரடி சித்தப்பா, இது கறுப்புக் கரடி, ஆளைக் கண்டால் தானே ஓடிப்போகும் எண்டு சொன்னன். நம்பேல்ல.

சரி, விழுந்த இடத்துக்கு வருவம். கறுப்புக் கரடி சாகேக்க சிலநேரம் ஒரு சத்தம் போடும். நீளமா, பதிவா, அனுங்கிற மாதிரி. பெரியவர் முதலே சொல்லித்தான் வைச்சவர், அந்தச் சத்தம் கேட்டால் முடிஞ்சுது எண்டு அர்த்தம், நீ மரத்தை விட்டு இறங்காத எண்டு. சொல்லி வைச்சும் எனக்குக் கையெல்லாம் குளிர்ந்து போச்சு, ஏனெண்டால் அது மிருகச் சத்தம் மாதிரி இல்லை. இதைக் கோஸில ஒருத்தரும் சொல்லித் தரேல்ல, அதால நான் சொல்லுறன், கேக்க வேண்டி வரும்.

அரை மணித்தியாலம் பொறுத்துப் பெரியவர் ரோர்ச்சோட வந்தார். முன்பக்கத்தால போகக்கூடாது, பின்பக்கத்தால போய் நீளத் தடியொண்டால கண்ணைத் தொட்டுப் பார்க்கிறது, இமை அசையாட்டித்தான் கிட்டப் போறது, துவக்கு அதுவரைக்கும் கையில. அடுத்தது ரேக், கரடிக்கெண்டு தாற அடையாளச் சீட்டு. திகதியும் நேரமும் ரேக்கில வெட்டி அடையாளம் போட்டுப்போட்டுத்தான் வேற வேலை, படம் எடுக்கிறது எல்லாம் அதுக்குப் பிறகு. படமும் ரெண்டு காணும். நான் இருபது எடுத்தனான், பத்து நிமிசம் போச்சு.

இனி வயிறு.

கரடியை மல்லாத்திப் போட்டால் நிக்காது, ஒரு பக்கம் உருளும். பின்னங்கால் ரெண்டையும் விரிச்சுப் பக்கத்து மரங்களில கயித்தால கட்டிப்போட்டால் ரெண்டு கையும் உங்களுக்கு மிச்சம். தனியப் போறவைக்கு இது கட்டாயம். கையுறை போடுங்கோ, முழங்கை வரைக்கும் வாறது நல்லம். முதல் வேலை பின்துவாரத்தைச் சுத்திக் கத்தியை ஆழமா விட்டு வட்டமா வெட்டி விடுறது, அப்பதான் கடைசியாக் குடலை உள்பக்கத்தால இழுக்கேக்க முழுசா வரும். இதை விட்டிட்டு வயித்தில தொடங்கினால் கடைசியில பிழைக்கும்.

பிறகு வயித்துத் தோல். எல்லாரும் கிழிக்கிற மாதிரி மேலயிருந்து குத்திக் கீழ இழுக்கிறது பிழை. அடிவயித்தில ஒரு சின்ன ஓட்டை போட்டு, இடக்கை ரெண்டு விரலை உள்ளுக்க விட்டுக் கவட்டை மாதிரி விரிச்சுப் பிடிச்சு, அந்த ரெண்டு விரலுக்கும் நடுவில கத்தியின்ர கூர்ப்பக்கம் வானத்தைப் பார்க்க வைச்சு மெல்ல மெல்ல நெஞ்செலும்பு முனை வரைக்கும் கொண்டு போறது. விரல் கீழ குடலை அமத்திப் பிடிக்கும், கத்தி மேல தோலை மட்டும் வெட்டும். சிப் இழுக்கிற மாதிரித்தான் இருக்கும். செப்ரெம்பர்க் கரடிக்கு அந்தத் தோலுக்குக் கீழ வெள்ளைக் கொழுப்பு, என்ர பெருவிரல் அகலத்துக்குக் கிடந்தது. கத்திப் பிடி அதில வழுக்கத் தொடங்கும், ஒரு பழைய துவாய்த் துண்டு பக்கத்தில கட்டாயம் வைச்சிருங்கோ. கரடியில கையை வெட்டுற ஆக்கள் கனபேர் இந்த வழுக்கலாலதான் வெட்டுறது.

வயிறு திறந்தவுடன ஒரு ஆவி வந்து முகத்தில அடிக்கும். நான் சத்தி எடுக்கப்போறன் எண்டுதான் நினைச்சன். ஆனால் மணம் அவ்வளவு மோசமில்லை, புளிச்ச பழ மணம். இரைப்பை கிழியாமல் பார்க்கோணும் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னது, நான் கிழிக்கேல்ல, ஆனால் குண்டு ஒரு ஓரத்தைத் தொட்டிருந்தது, அதுக்குள்ளால புளூபெரி கொட்டிச்சுது. முழுசு முழுசா. அரைவாசி சப்பாமலே விழுங்கியிருக்கு. அந்த ரோர்ச் வெளிச்சத்தில கறுநீலமா, கடையில பெட்டிக்குள்ள விக்கிற மாதிரியே கிடந்தது. கொட்டின இடத்தைத் தண்ணி ஊத்திக் கழுவ வெளிக்கிட்டன், பெரியவர் கையைப் பிடிச்சிட்டார். தண்ணி ஊத்தினால் அழுக்கு எல்லா இடமும் பரவும், ஈரம் நிண்டால் இறைச்சி கெதியாப் பழுதாகும். உலர்ந்த துணியால துடை, பட்ட இடத்தைப் பிறகு மெல்லிசாச் சீவி எறி, அவ்வளவுதான்.

நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவில திரைச்சீலை மாதிரி ஒரு சவ்வு இருக்கும், அதை விலா ஓரத்தோட சுத்தி வெட்டோணும். அதுக்குப் பிறகுதான் பயங்கரமான வேலை, கையை முழங்கைக்கு மேல உள்ளுக்க விட்டுக் கழுத்தடியில மூச்சுக்குழாயைத் தேடிப் பிடிச்சு, கண்ணால பாக்க ஏலாமல் மற்றக் கையால கத்தியைக் கொண்டுபோய் அதை அறுக்கிறது. சின்னக் கத்தி பாவிக்கச் சொல்லுறது இதுக்குத்தான். தோட்டத்துக்குத் தண்ணி விடுற பைப் மாதிரி இருக்கும், சொரசொரப்பா, தொட்டால் தெரியும். அறுத்தாப் பிறகு அதைப் பிடிச்சுக் கீழ் நோக்கி இழுத்தால் இருதயம், நுரையீரல், ஈரல், இரைப்பை, குடல் எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டின படி வழுக்கிக்கொண்டு வெளியால வரும். மூத்திரப்பை வரேக்க மட்டும் வாயை இறுக்கிக் கிள்ளிப் பிடியுங்கோ. அதை நான் சரியாச் செய்தனான், அதுக்கு மட்டும் என்னை மெச்சலாம். பிறகு கரடியைக் குப்புறப் புரட்டிவிட்டு ரத்தம் வடிய விடோணும்.

ஈரலோட ஒட்டிக்கொண்டு பச்சையா ஒரு பை கிடக்கும், பித்தப்பை. அதை வெட்டி எடுத்துப் பொக்கற்றில போடுற யோசனை ஆருக்கும் வந்தால் இப்பவே மறந்திடுங்கோ. கரடிப் பித்தை மருந்துக்கெண்டு வாங்குற கறுப்புச் சந்தை உலகம் முழுக்க இருக்கு, அதால ஒன்ராறியோவில அதைக் கரடியில இருந்து பிரிச்சு வைச்சிருக்கிறதே குற்றம். இத்தனைக்கும் அதில இருக்கிற அந்த மருந்துச் சாமானை இப்ப பக்ரரியில செய்யிறாங்கள், கரடியே தேவையில்லை. ஈரலையும் நான் விட்டிட்டன். வெள்ளைக் கரடி ஈரலில விற்றமின் ஏ நஞ்சாகிற அளவுக்கு இருக்கு, 1597இல ஆர்ட்டிக்கில மாட்டுப்பட்ட வில்லம் பாரன்ஸ் எண்ட ஒல்லாந்தக்காரற்ற ஆக்கள் அதைச் சமைச்சுத் திண்டு மூண்டு பேருக்கு உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் தோல் உரிஞ்சு போனதாம். கறுப்புக் கரடி அவ்வளவு மோசமில்லை எண்டு சில பேர் சாப்பிடுறவை, எனக்கு அந்தக் கதை வாசிச்சாப் பிறகு மனம் வரேல்ல.

ஒன்பதரைக்கு இதெல்லாம் முடிஞ்சுது. ரார்ப்பில, அதுதான் படங்கில, போட்டு ரெண்டு பேருமா இழுத்து ரக்கடிக்குக் கொண்டு வரப் பதினொண்டு. காம்பில பெரிய பேர்ச் மரமொண்டில கயிறு எறிஞ்சு தூக்கிக் கட்டினாப் பிறகு எனக்கு இடுப்பு இல்லை.

இங்கதான் அந்தப் பிழை.

பெரியவர் சொன்னவர், தோலை இப்பவே உரி. நான் மாட்டன் எண்டன். இருட்டு, களைப்பு, தோலை வெட்டிப் பழுதாக்கிப்போடுவன் எண்ட பயம், அதோட காலமை வெளிச்சத்தில முழுக் கரடியோட நிண்டு ஒரு வடிவான படம் எடுக்கோணும் எண்ட ஆசை, அதையும் ஒளிக்காமல் சொல்லுறன். இரவு குளிரும்தானே, வயிறும் திறந்துதானே கிடக்கு, நடுவில தடி வேற குடுத்து விரிச்சு விட்டிருக்கு எண்டு நியாயம் கதைச்சன். அவர் ஒரு நிமிசம் பார்த்தார். உன்ர கரடி, உன்ர முடிவு எண்டு சொல்லிப்போட்டுப் படுக்கப் போட்டார்.

அண்டைக்கு இரவு 11 டிகிரிக்குக் கீழ போகேல்ல.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ, கரடி எண்டது ஆறு மாசம் சாப்பிடாமல் குழிக்குள்ள படுத்து உடம்புச் சூட்டைக் காப்பாத்துறதுக்கெண்டே அமைஞ்ச மிருகம். மேல மயிர், கீழ தோல், அதுக்குக் கீழ ரெண்டு விரல் கொழுப்பு. உயிர் போனாலும் அந்தச் சட்டை தன்ர வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். மான் எண்டால் ஒரு இரவு தோலோட தொங்கலாம், பெரிசாப் பிரச்சினையில்லை. கரடியை அப்பிடி விட்டால் சட்டிக்குள்ள மூடி போட்டு வைச்ச மாதிரி. நெஞ்சும் விலாவும் திறந்து கிடக்கிறதால ஆறிப்போகும், ஆறாதது தொடை. அந்தத் தொடையின்ர நடு, எலும்பையும் இடுப்பு மூட்டையும் ஒட்டின இடம், அங்கதான் கடைசிவரைக்கும் சூடு நிக்கும்.

காலமை ஆறரைக்குத் தோல் உரிக்கத் தொடங்கினம். வயித்து வெட்டில இருந்து நாலு காலுக்கும் உள்பக்கத்தால ஒரு கோடு இழுத்து, மணிக்கட்டைச் சுத்தி வெட்டி, பிறகு பிடிச்சு இழுத்து இழுத்துக் கத்தியால தொட்டுத் தொட்டு விடுறது. கம்பளம் செய்ய விருப்பமெண்டால் பாதத்தை மூட்டோட வெட்டித் தோலோடயே விட்டிடோணும், விரலுக்குள்ள உரிக்கிறதைத் தெரிஞ்சவன் செய்யட்டும். கறுப்பு மயிர் ஒண்டொண்டாப் பறந்து இறைச்சியில ஒட்டும், ஒட்டினதைத் தட்ட ஏலாது, ஒவ்வொண்டாப் பிடுங்கோணும். வெய்யில் ஏற ஏற மஞ்சள் குளவி வந்து மொய்க்கும், அதுவும் இறைச்சி தின்னுற சாதி.

நான் பாதத்தை வைச்சுத்தான் உரிச்சனான். ஆனால் பின்னங்கால் ஒண்டை மட்டும் பெரியவர் உரிச்சுக் காட்டினார், பார், தெரிஞ்சிரு எண்டு. தோலில்லாத கரடிப் பாதம் மனுசப் பாதம் மாதிரியே இருக்கும். மாதிரி இல்லை, அதேதான் எண்டு தோணும். காட்டுக்குள்ள இதைக் கண்டுபோட்டுப் பொலிசுக்கு அடிக்கிற ஆக்கள் இருக்கினமாம், பிரேதப் பரிசோதனை செய்யிற ஆக்களுக்கே இதைப் பிரிச்சுப் பார்க்கத் தனியாச் சொல்லிக் குடுக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், எங்களுக்குப் பெருவிரல் உள்பக்கம், கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம். கால் மாறிப் போட்ட செருப்பு மாதிரி. முழு உடம்பும் அப்பிடித்தான், கையைத் தூக்கிக்கொண்டு தொங்குற ஒரு ஆள். எண்பதுகளுக்குப் பிறகு வன்னியில பிறந்த ஆக்களுக்கு நான் இதுக்கு மேல எழுதத் தேவையில்லை. நான் கொஞ்ச நேரம் அங்கால போய்த் தேத்தண்ணி வைச்சனான்.

திரும்பி வந்து வலது பின்னந்தொடையைக் கழட்டினம். உள்தொடைப் பக்கத்தால வெட்டிக்கொண்டு போக இடுப்புக் குண்டு மூட்டு வெள்ளையாத் தெரியும், அதில இருக்கிற தசைநாரில கத்தி முனை பட்டவுடன டொக் எண்டு கழண்டு வரும், வாள் தேவையில்லை. கழண்டு வந்தவுடன எலும்படியில விரலை வைச்சன். சூடு. ஒரு முழு இரவுக்குப் பிறகு, வெளியால தொடக் குளிர்ந்து கிடந்த கால், உள்ளுக்குள்ள புதுசாச் சுட்ட பாண் மாதிரி இளஞ்சூடு. பெரியவர் குனிஞ்சு மணந்து பார்த்திட்டு ஒண்டும் பேசேல்ல, கத்தியை என்னட்டத் தந்தார். நான் எலும்போட நீளத்துக்குத் திறந்தன். எலும்பைச் சுத்தி மூண்டு விரல் அகலத்துக்குச் சாம்பல் பச்சை நிறம், புளிச்ச, ஊறின ஒரு நாத்தம். மற்றக் காலும் கொஞ்சம் அப்பிடித்தான். ரெண்டிலயுமாச் சேத்து ஆறு கிலோ எறிஞ்சனான். சுட்ட மிருகத்தின்ர தின்னக்கூடிய இறைச்சியைப் பழுதாக விடுறது இங்க சட்டப்படியும் பிழை, ஆனால் அண்டைக்கு எனக்குச் சட்டம் ஞாபகம் வரேல்ல. எடுத்த இருபது படமும்தான் ஞாபகம் வந்தது.

இப்ப நான் செய்யிறது வேற. விழுந்து வயிறு எடுத்தவுடன, இருட்டோ மழையோ, தோல் உரிச்சுத்தான் மற்றக் கதை. மரத்தில தூக்க ஏலாத இடமெண்டால் வயித்தையே திறக்காமல் ஒரு பக்கம் தோலை உரிச்சு அப்பிடியே நிலத்தில ரார்ப் மாதிரி விரிச்சு, அதில வைச்சு முன்சப்பை, முதுகிறைச்சி, பின்தொடை, கழுத்து எண்டு எடுத்துப்போட்டு மற்றப் பக்கம் புரட்டுறது. முன்சப்பைக்கு மூட்டே கிடையாது, தோள் எலும்பு உடம்போட எலும்பால பொருந்தேல்ல, காலைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு விலாவோட ஒட்டக் கத்தியை ஓட்டினால் தானா வந்திடும். கடைசியா விலாவுக்குப் பின்னால ஒரு வெட்டுப் போட்டுக் கையை விட்டு உள்முதுகில இருக்கிற ரெண்டு பிஞ்சுத் துண்டையும் உருவி எடுக்கோணும், இதை மறந்திட்டு வாறவை கனபேர், அதுதான் முழுக் கரடியிலயும் மிருதுவான இடம். தொடையை எடுத்தவுடன எலும்பு வரைக்கும் திறந்து காத்துப் பட விடோணும். ஒவ்வொரு துண்டையும் பருத்தித் துணிப் பையில போட்டு நிழலில தூக்கினால் காய்ஞ்ச ஒரு பொருக்கு வரும், ஈயும் குளவியும் அதில கை வைக்காது. பிளாஸ்ரிக் பையில மட்டும் சூட்டோட போட்டுக் கட்டிப்போடாதேங்கோ, திரும்ப அதே கதைதான்.

கூலருக்கு நான் ஐஸ் வாங்கிறதில்லை. ரெண்டு லீற்றர் கோக் போத்திலில தண்ணி நிரப்பி வீட்டிலயே பிறீசரில கல்லாக்கிக் கொண்டு போறன், பத்துப் பன்ரெண்டு. உருகினாலும் தண்ணி போத்திலுக்குள்ளயே நிக்கும், இறைச்சி நனையாது, தாகமெண்டால் குடிக்கலாம். நாலு டிகிரிக்குக் கீழ வீடு வரைக்கும் கொண்டு வந்திடலாம், ஏழெட்டு மணித்தியால ஓட்டம்.

தோலைப் பற்றிச் சுருக்கமா, கொழுப்பு முழுக்கச் சுரண்டி எடுத்துப்போட்டு அயடின் இல்லாத உப்பை அள்ளி அப்போணும், சுரண்டாமல் உப்புப் போட்டால் மயிர் கொட்டும். நான் பதனிடுற ஆளிட்டக் குடுத்திட்டன்.

வீட்ட வந்து கராஜில பழைய மேசை போட்டு ஒரு முழு நாள். கரடி வெட்டேக்க ஒரு விசயம், கொழுப்பை இறைச்சியில விடக்கூடாது. மாட்டில ஆட்டில கொழுப்புத்தான் ருசி, கரடிக் கொழுப்பு பிறீசரில கிடந்து சிக்கு மணம் பிடிச்சு இறைச்சியையும் கெடுக்கும். ஒரு துண்டு விடாமல் சீவி எடுத்துத் தனிச் சட்டியில போடுங்கோ. எறியச் சொல்லேல்ல. சின்னச் சின்னனா வெட்டி, அடிப்பிடிக்காமல் ஒரு கோப்பை தண்ணி விட்டு, மெல்லிய நெருப்பில மூண்டு நாலு மணித்தியாலம் வைச்சு உருக்கித் துணியில வடிச்சால் பொன் நிறத்தில எண்ணெய் வரும், ஆறினவுடன பாலப்பத்து மா மாதிரி வெள்ளையா உறையும், கோடையில குசினியில வைச்சால் பாதி இளகியே நிக்கும். நான் வெண்ணெய் உருக்குற மாதிரித்தான் முருகல் வாசம் வர இறக்கினன், அது கொஞ்சம் பிந்தினது, வெள்ளை வேணுமெண்டால் அதுக்கு முதலே இறக்கோணும். வடக்கில சனம் இதைப் போட்டுத்தான் பை சுடுறது, சப்பாத்துக்கும் பூசுறது. மனுசி முதல் நாள் மூக்கைப் பொத்தினவ, ரெண்டாம் கிழமை உருளைக்கிழங்கு பொரிச்சுப்போட்டுப் பேசாமல் இருந்தவ. எனக்குத் தெரியும், போத்தில் குறைஞ்சு கிடந்தது.

மிச்சம் 30 கிலோ சொச்சம் இறைச்சி. கருஞ்சிவப்பு, மாட்டை விடக் கறுப்பு.

அதுக்குப் பிறகுதான் சித்தப்பாவோட சண்டை. இறைச்சி வந்திட்டுது எண்டு கேள்விப்பட்டவுடன மனுசன் வன்னியில மான் வத்தல் போட்ட மாதிரி வார் வாரா வெட்டி உப்பும் மஞ்சளும் போட்டுப் புகையில காயவிடுவம் எண்டு கொடிக்கம்பியோட வந்திட்டார். கரடி பயமெண்டவர், இறைச்சிக்கு முதல் ஆளா நிக்கிறார். நான் விடேல்ல. கரடித் தசைக்குள்ள ரிறைக்கினெல்லா எண்டு கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு சுருண்டு கிடக்கும், எல்லாக் கரடியிலயும் இல்லை, ஆனால் உங்கட கரடியில இருக்கோ எண்டு பார்த்துச் சொல்ல ஏலாது. உப்பு, புகை, வெய்யில் ஒண்டையும் நம்பேலாது. பண்டிப் புழு பிறீசரில செத்துப்போகும், கரடியில வாற வடபுலத்துச் சாதி பிறீசரில சாகாது. 2022இல அமெரிக்காவில தென் டகோட்டாவில ஒரு குடும்பம் கூடேக்க, கனடாவில சஸ்கச்சுவானில வேட்டையாடின கறுப்புக் கரடியின்ர இறைச்சியை நெருப்பில வாட்டிச் சாப்பிட்டவை. 45 நாள் பிறீசரில கிடந்த இறைச்சி. நிறம் கறுப்பெண்டபடியால வெந்திட்டுதோ இல்லையோ எண்டு தெரியேல்ல, ஒருக்காப் பச்சையாப் பரிமாறித் திரும்ப அடுப்பில வைச்சவை. ஆறு பேருக்கு வருத்தம், காய்ச்சல், உடம்பு முறிக்கிற நோ, கண் சுத்திவர வீக்கம், மூண்டு பேர் ஆஸ்பத்திரியில. அதில ரெண்டு பேர் இறைச்சியே தொடேல்ல, கூடச் சுட்ட மரக்கறி மட்டும்தான் சாப்பிட்டது. பிறகு அந்த இறைச்சியை எடுத்துச் சோதிக்கேக்க, 110 நாள் பிறீசரில கிடந்தும் புழு நெளிஞ்சு கொண்டிருந்ததாம்.

அதால 74 டிகிரி. துண்டின்ர நடுவில தேர்மோமீற்றரைக் குத்தி 74 காட்டோணும், நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கிறேல்ல, வெட்டின பலகையையும் கத்தியையும் சுடுதண்ணியில கழுவாமல் சலாட் வெட்டுறேல்ல. காட்டில சூட்டை எடுக்கிறதுக்கு எவ்வளவு அவசரப்பட்டமோ, குசினியில சூட்டைக் குடுக்கிறதில அவ்வளவு பொறுமை வேணும். ஒரு விதத்தில எங்கட சமையலுக்கு இது லேசு. இறைச்சியைப் பச்சைச் சிவப்பாத் தின்னுற பழக்கம் எங்களுக்கு இல்லை. கறித்தூள், தேங்காய்ப்பால், பெருஞ்சீரகம், ரம்பை போட்டு ரெண்டு மணித்தியாலம் அவிஞ்ச பிரட்டலில எந்தப் புழு உயிரோட இருக்கப்போகுது. தேர்மோமீற்றர் குத்தினது சும்மா என்ர மனத்திருப்திக்கு, 96 காட்டினது.

சித்தப்பாவுக்கும் எனக்கும் கடைசியில ஒரு ஒப்பந்தம். வாரா வெட்டினதைப் பிறஷர் குக்கரில நல்லா அவிச்சு எடுத்து, பிறகு ஓவனில காயவைச்சு, பிறகு தாச்சியில கரடிக் கொழுப்பிலயே செத்தல் மிளகாயோட பொரிச்சது. இது வத்தலே இல்லை எண்டு சொல்லிச் சொல்லி ஒரு கோப்பை முடிச்சவர். மூண்டாம் நாள் போன் அடிச்சு, உந்த வத்தல் மிச்சம் இருக்கோ எண்டு கேட்டார்.

பதனிட்ட தோல் மார்கழியில திரும்பி வந்தது. வெளிவாசலில தூசி தட்டேக்க பக்கத்து வீட்டு அக்கா கண்டிட்டா. அவ மதுரைப் பக்கம். "தம்பி, இது நிஜக் கரடியா? ரெண்டு முடி குடுங்க, சின்னவன் ராத்திரி பயந்து பயந்து அழறான், தாயத்துல வச்சுக் கட்டணும்" எண்டா. ஓரத்தில கத்தரிக்கோலால கொஞ்சம் வெட்டிக் குடுத்தன். "ஊர்ல என் தங்கச்சி பையனுக்கும் கொஞ்சம், கவர்ல போட்டு அனுப்பிடுறேன்" எண்டா. அக்கா, அது மட்டும் ஏலாது எண்டன். கறுப்புக் கரடியும் சர்வதேச வனவிலங்கு வியாபார ஒப்பந்தத்தில இரண்டாம் பட்டியலில நிக்கிற மிருகம், ஒரு மயிர் நாட்டை விட்டுப் போறதெண்டாலும் ஏற்றுமதிப் பெமிற் எடுக்கோணும், போம் நிரப்போணும், பாத்துக்கொண்டிருக்கோணும். அக்கா முடியைக் கையில வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிச்சவ.

"அவ்ளோ அலையணுமா? அவனுக்கு வேணாம் தம்பி, எட்டு வயசாச்சு, கொஞ்சம் பயந்தா பயந்துட்டுப் போறான்."